அறியாவினா: சோக்கிரட்டீசின் வழியில் ஒரு பாடத்தை நடத்தும் முறை

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இவற்றுள் அறிவினாவுக்கு உதாரணமாக, தாம் பொருளறிந்த சூத்திரத்துக்கு ஆசிரியர் மாணாக்கனிடம் பொருள் கேட்பதை உரைகள் காட்டுகின்றன. அறியாவினாவுக்கு, மாணாக்கன் ஆசிரியரிடம் கேட்பதைக் காட்டுகின்றன. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக நன்னூலைப் படித்துவந்த எங்கள் யாழ்ப்பாணத்தில், எந்த வகுப்பறைக்குள்ளும் எந்த ரியூட்டரிக்குள்ளும் போய் நின்று கேட்டாலும், இந்தப் பங்கீடு இன்றுவரை மாறாமல் இருப்பது தெரியும். ஆசிரியர் கேட்கும் வினா ஒவ்வொன்றுக்கும் விடை அவரிடம் ஏற்கெனவே உண்டு. அது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகையால் அவர்கள் பொருளைப் பற்றிச் சிந்திப்பதை விட்டு, ஆசிரியரின் மனத்திலுள்ள சொல் எதுவாக இருக்கும் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஏதென்ஸ் நகரத்துச் சோக்கிரட்டீஸ் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கினார். கற்பிக்கும் இடத்தில் நின்றவரே அறியாவினாவைக் கேட்டார். வீட்டு விறாந்தையில் 8 அல்லது 10 பிள்ளைகளை மாலையில் இருத்திக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அவருடைய முறையைக் கையாளப் பழகியது பெரிய மாற்றத்தைத் தந்தது. அதை மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் தாங்களே செய்து பார்க்கும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

சோக்கிரட்டீசைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

அவர் கி.மு. 469 அளவில் பிறந்தவர். தந்தை கல்வேலை செய்தவர்; தாய் மருத்துவிச்சி. அவர் தாமாக எதையும் எழுதி வைக்கவில்லை; அவருடைய உரையாடல்களை நாம் அறிவது பெரும்பாலும் பிளேட்டோவும் செனபோனும் எழுதியவற்றால்தான். பணம் வாங்கிப் பேச்சுக்கலை கற்பித்த பலர் அக்காலத்தில் ஏதென்ஸில் இருந்தனர். அவர் யாரிடமும் கட்டணம் பெறவில்லை, தம்மை ஆசிரியர் என்று அழைத்துக்கொள்ளவுமில்லை.

பிளேட்டோ எழுதிய ‘தியேட்டேட்டஸ்’ என்னும் உரையாடலில் சோக்கிரட்டீஸ் தம் வேலையைத் தாயின் தொழிலோடு ஒப்பிடுகிறார். பிள்ளைப்பேற்றுப் பருவம் கடந்த பெண்களே மருத்துவிச்சிகளாவது போல, தம்மிடம் சொந்தமாக அறிவு எதுவும் பிறப்பதில்லை என்றும், பிறருடைய மனத்தில் கருக்கொண்டிருப்பதை வெளிக்கொணர உதவுவதே தம் பணி என்றும் அவர் சொல்கிறார். இந்த உவமையைப் பலரும் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அவர் தம் கலையின் மிகப் பெரிய பகுதியாகக் கருதியது வேறொன்று: பிறந்த எண்ணம் உயிருள்ளதா, வெறும் கூடா என்று சோதித்துப் பார்ப்பது. பிள்ளையைப் பேசவைப்பது பாதி வேலை. பேசியதைப் பிள்ளையோடு சேர்ந்து சோதிப்பது மற்றப் பாதி. பேசவைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் “நல்லது, நல்லது” என்று தலையாட்டும் வகுப்பைச் சோக்கிரட்டீசின் பெயரால் நடத்துவது பொருந்தாது.

எந்தப் பாடத்தை எடுப்பது

எல்லாப் பாடமும் இதற்கு இணங்காது. ஒரு மூலகத்தின் குறியீடு, ஓர் ஆண்டு, ஓர் இலக்கணப் பெயர் ஆகியவற்றை வினாவால் யாரிடமிருந்தும் வருவிக்க முடியாது. அவற்றை நேரே சொல்லிவிட வேண்டும். மனத்தில் நிறுத்தவேண்டியவற்றுக்கு வேறு வகை வினாவிடை உண்டு. உலகத்துக்குக் கருத்தா யாவர் என்று தொடங்கும் நாவலரின் சைவ வினாவிடை அத்தகையது. அதில் வினா ஒரு கொக்கி. விடை அதில் மாட்டப்பட்டு நினைவில் தங்குகிறது. அந்த முறையைத் தாழ்வாக எண்ண எனக்கு மனமில்லை. எங்கள் பாட்டன்மார் பாட்டிமார் பலருடைய நாவில் சொற்கள் திருத்தமாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது செய்வது ஒன்று, சோக்கிரட்டீசின் வினா செய்வது இன்னொன்று என்பதை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் உறுதியோடு ஒரு பிழையான விடையைச் சொல்லக்கூடிய இடமே இந்த முறைக்கு ஏற்ற இடம். பக்கம் இரட்டித்தால் பரப்பளவும் இரட்டிக்கும், பாரமான பொருள் விரைவாக விழும், கிணற்றை ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் கூடும் என்பன போன்ற நம்பிக்கைகள் எந்த வகுப்பிலும் கிடைக்கும். ஆகவே பாடத்தை ஆயத்தம் செய்யும்போது வினாக்களை எழுதுவதற்கு முன், பிள்ளைகள் சொல்லக்கூடிய பிழையான விடைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், அந்த விடை பிழை என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்பதற்கு எதை எண்ணவோ, கீறவோ, அளக்கவோ வேண்டும் என்று எழுதுங்கள். அந்தத் தாள்தான் பாடக்குறிப்பு. வினாக்கள் அதிலிருந்து தாமாக வரும்.

ஒரு முழுப் பாடம்: இரட்டிக்க வேண்டிய சதுரம்

பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலில், மெனோவின் வீட்டு அடிமைச் சிறுவன் ஒருவனிடம் சோக்கிரட்டீஸ் ஒரு கேத்திரகணித வினாவைக் கேட்கிறார். தொடங்குமுன் அவர் விசாரிக்கும் தகுதி ஒன்றே ஒன்று: அவன் கிரேக்க மொழி பேசுவானா? அந்தச் சிறு விசாரிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளாக இருந்தாலும், இந்த வகைப் பாடத்தை வீட்டில் பேசும் தமிழிலேயே நடத்துங்கள். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒரு பிள்ளை தன் ஐயத்தைச் சொல்லத் துணியாது.

சோக்கிரட்டீஸ் 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தை நிலத்தில் கீறினார். நான் கரும்பலகையில் 2 மீற்றர் பக்கமுள்ள ஒரு கத்தரிப் பாத்தியைக் கீறி, அதை 4 சிறு சதுரங்களாகப் பிரிக்கிறேன். பிள்ளைகள் எண்ணிப் பார்த்து 4 சதுர மீற்றர் என்கிறார்கள். இதைப்போல 2 மடங்கு பரப்பளவுள்ள, ஆனால் சதுரமாகவே இருக்கும் பாத்தி வேண்டும் என்றால் அதன் பரப்பளவு எவ்வளவு? 8. அப்படியானால் அதன் பக்கம் எவ்வளவு?

“நாலு மீற்றர், ரீச்சர்.”

இந்த இடத்தில் “பிழை” என்று சொல்லாமலிருப்பதே முதலாவது பயிற்சி. முகத்திலும் காட்டக்கூடாது. “சரி, அந்தப் பாத்தியைக் கீறிக் காட்டு” என்று வெண்கட்டியைக் கொடுங்கள். பிள்ளை கீறுகிறது, எண்ணுகிறது, 16 வருகிறது. “எங்களுக்கு எத்தனை வேண்டும்?” “எட்டு.” இதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கரும்பலகை சொல்லிவிட்டது. அடுத்து வருவது பெரும்பாலும் மெனோவின் வீட்டுச் சிறுவனுக்கு வந்த அதே எண்ணம்தான்: 2 சிறிது, 4 பெரிது, ஆகவே 3. அதையும் கீறச் சொல்லுங்கள். 9 வருகிறது.

இப்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்தச் சிறுவனும் இந்த இடத்தில், தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான். உடனே சோக்கிரட்டீஸ் மெனோவின் பக்கம் திரும்பி, சற்று முன் தெரியும் என்று எண்ணியிருந்தவன் இப்போது தெரியாது என்று அறிந்திருக்கிறான், இது அவனுக்குத் தீங்கா என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதே உரையாடலின் முற்பகுதியில் மெனோ அவரை மின்திருக்கைக்கு ஒப்பிட்டுக் குறைபட்டிருந்தார்: தொட்டவரை விறைக்கவைக்கும் மீனைப்போல, தம்மோடு பேசுபவரின் நாவையும் மனத்தையும் விறைக்கவைக்கிறார் என்று. திருக்கை தானும் விறைத்திருந்தால்தான் அந்த ஒப்புமை தமக்குப் பொருந்தும் என்பது சோக்கிரட்டீஸ் கொடுத்த விடை. பிறரைக் குழப்பும் அவரும் குழப்பத்தில்தான் இருந்தார். கரையில் நின்றுகொண்டு பிள்ளைகளை மட்டும் கடலில் தள்ளுகிற ஆசிரியருக்கு இந்த விடையைச் சொல்லும் உரிமை கிடையாது.

அமைதி வந்தவுடன் வழிகாட்டிவிட வேண்டும் என்ற ஆவல் நமக்கு எழும். அதை அடக்குங்கள். இக்காலத்துப் பிள்ளைகளுள் ஒருவர் கணிப்பானைத் தட்டி 2.83 என்று சொல்லக்கூடும். அதை மறுக்காமல், “அந்த நீளம் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டமுடியுமா?” என்று கேளுங்கள். சோக்கிரட்டீசும் சிறுவனிடம், எண்ணால் சொல்ல விருப்பமில்லையென்றால் எந்தக் கோடு என்று காட்டினால் போதும் என்றுதான் சொன்னார்.

இனி, இந்தக் கதையைப் போற்றுவோர் பலரும் கடந்துசெல்லும் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். மூலைவிட்டத்தைக் கீறியது சிறுவன் அல்ல; சோக்கிரட்டீஸ்தான். அதற்குப் பின் அவர் கேட்ட வினாக்களில் பல, “ஆம்” என்று சொன்னாலே போதும் என்ற வகையைச் சேர்ந்தவை. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தேவைப்படும்போது ஆசிரியர் ஒரு கோட்டைக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் கோடு ஏன் சரி என்ற காரணத்தைப் பிள்ளையே சொல்லவேண்டும் என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். கோட்டைக் கொடுப்பதையும் இன்னும் சற்றுப் பின்போட ஒரு வழி இருக்கிறது. 16 சிறு சதுரங்கள் கீறிய சதுரத் தாள் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, நான்கு மூலைகளையும் நடுப்புள்ளியைத் தொடும்படி மடிக்கச் சொல்லுங்கள். மடித்த பகுதிகள் உள்ளே இருக்கும் சதுரத்தை இடைவெளியின்றி மூடிக்கொள்ளும். “உள்ளே இருப்பது எத்தனை?” என்று கேட்டுவிட்டுப் பேசாமலிருங்கள். மூடியதும் மூடப்பட்டதும் சமம், ஆகவே 16இல் பாதி என்று யாராவது ஒருவர் கண்டுகொள்வார். “அந்தச் சதுரத்தின் பக்கம் எந்தக் கோடு?” என்ற அடுத்த வினாவுக்குத் தாளை விரித்துப் பார்த்தால், முதல் பாத்தியின் மூலைவிட்டமே அது என்பது தெரிந்துவிடும். என் விறாந்தையில் அந்த நேரத்தில் எழும் சத்தத்தை அயல்வீட்டாரும் கேட்டிருப்பார்கள்.

பாடம் இங்கே முடிந்ததாக நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இதுவரை கேட்டவை எல்லாம் நானே விடை அறிந்த வினாக்கள், அதாவது அறிவினாக்கள், என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். சதுரத்தின் விடை தெரிந்த ஒருவர் அறியாவினாவை எப்படிக் கேட்பது? தெரியாததுபோல் நடித்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையாகவே எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது: அந்தப் பிள்ளை ஏன் 4 என்று எண்ணியது? அதைக் கேட்டேன். ஒரு மாணவி சற்று யோசித்துவிட்டு, வீட்டில் காணியைப் பற்றிப் பேசும்போது ஒரு பரப்புக்குப் பக்கத்தில் இன்னொரு பரப்புச் சேர்ந்தால் இரண்டு பரப்பு என்பார்கள், அதனால் நீளம் இரட்டித்தால் போதும் என்று நினைத்தேன் என்றாள். எங்கள் ஊரில் பரப்பு என்பது காணியின் அலகு. 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒன்றோடு ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டினால் கிடைப்பது நீள்சதுரம் என்பதையும், சதுரமாக வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனைதான் கணக்கை மாற்றுகிறது என்பதையும் அவளுடைய பிழையிலிருந்தே வகுப்பு முழுவதும் விளங்கிக்கொண்டது. அந்த விளக்கம் என் பாடக்குறிப்பில் இருக்கவில்லை. நீங்கள் இந்த முறையில் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்வதானால், “நீ எப்படி அந்த விடைக்கு வந்தாய்?” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடை சொன்ன பிள்ளையிடமும் அதைக் கேளுங்கள்; இல்லாவிட்டால், அது பிழைக்குக் கொடுக்கும் தண்டனை என்று ஆகிவிடும்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் கேட்பது

விஞ்ஞானத்தில் தகவலும் வினாவும் கலந்துவர வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கிணற்றைவிடச் சிறந்த பொருள் கிடைக்காது. கோடையில் கிணறு வற்றினால் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஆழமாக்கலாம் என்பார்கள். ஆழமாக்கினால் எப்போதும் நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டால், பெரும்பாலோர் “ஓம்” என்பார்கள். அப்படியானால் கடலுக்கு அண்மையிலுள்ளவர்கள் கிணற்றை ஆழமாக்க ஏன் அஞ்சுகிறார்கள்? புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது ஏன்?

இங்கே பிள்ளைகளிடமிருந்து வரமுடியாத ஒரு தகவல் தேவைப்படுகிறது. உவர்நீர் நன்னீரைவிட அடர்த்தி கூடியது என்பதை, சாதாரண நீரில் தாழும் முட்டை உப்புக்கரைசலில் மிதப்பதைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். சுண்ணக்கல் நிலத்தினுள் மழைநீர் இறங்கி, கடல்நீரின் மேல் வில்லை வடிவில் தங்கியிருக்கிறது என்பதையும், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்ற கணிப்பையும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பின் கேளுங்கள்: இறைப்பு மோட்டரால் நீர்மட்டம் 1 அடி இறங்கினால் கீழேயிருந்து என்ன நடக்கும்? மழை பெய்தவுடன் அது பழைய நிலைக்கு வருமா? இரண்டாவது வினாவுக்கு என்னிடமும் முழுமையான விடை இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, அவர்கள் முன்பைவிட உற்சாகமாக வாதாடினார்கள்.

“யாதெனின்” என்று கேட்கும் பாடம்

சோக்கிரட்டீஸ் மிகுதியாகக் கேட்டது, ஒரு பண்பு யாது என்ற வினாவை. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் தொடக்கத்தில், உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக்கொடுப்பதும் நீதி என்ற கருத்து எழுகிறது. அறிவு தெளிந்திருந்தபோது ஆயுதத்தை ஒப்படைத்த நண்பன் சித்தம் கலங்கி வந்து அதைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பது நீதியா என்று சோக்கிரட்டீஸ் கேட்கிறார். வரைவிலக்கணம் ஒன்றைப் பெறுவது, அதற்குள் அடங்கியும் மனம் ஏற்காத ஓர் உதாரணத்தைக் காட்டுவது, வரைவிலக்கணத்தைத் திருத்தச் சொல்வது என்று அது நடக்கிறது.

இதைத் தமிழ் வகுப்பில் செய்ய நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. “வாய்மை எனப்படுவது யாதெனின்” என்று வள்ளுவரே கேட்டிருக்கிறார். ஆனால் குறளின் இரண்டாம் பகுதியை மறைத்துவைத்து, வினாவை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது என்பார்கள். சித்தம் கலங்கிய நண்பனின் கதையைச் சொல்லி, அவன் ஆயுதம் எங்கே என்று கேட்டால் உள்ளபடி சொல்வீர்களா என்று கேளுங்கள். தங்கள் வரைவிலக்கணத்தை இரண்டு மூன்று முறை திருத்திய பிறகு, “யாதொன்றும் தீமை இலாத சொலல்” என்ற பகுதியைத் திறந்து காட்டுங்கள். மனப்பாடமாக வந்த குறளாக இருந்தாலும் அன்றுதான் முதன்முறை படிப்பதுபோல் படிப்பார்கள். அங்கேயும் நிறுத்திவிடாமல், வள்ளுவரின் விடையையும் அதே வகையில் சோதிக்க இடம்கொடுங்கள். யாருக்கும் தீமை செய்யாத பொய்யும் வாய்மையாகிவிடுமா என்று ஒரு பிள்ளை கேட்டால், அதை எதிர்த்துக் கதைப்பதாக எடுக்காதீர்கள். “பொய்மையும் வாய்மை யிடத்த” என்று தொடங்கும், அடுத்து வரும் 292ஆம் குறளை அவளுக்குக் கொடுங்கள்.

பொறுமையும் மரியாதையும்

மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ 1 செக்கன் மட்டுமே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 செக்கனுக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீளமும் ஆழமும் பெறுகின்றன என்றும் 1970களில் காட்டினார். செய்துபார்த்தால் 3 செக்கன் எவ்வளவு நீண்டது என்பது தெரியும். நான் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சோக்கிரட்டீசிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளாத பழக்கம் ஒன்றும் உண்டு. அவர் பலர் முன்னிலையில் ஒருவரை விடாமல் வினவினார். தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிய அரசியலாளரும் கவிஞரும் கைவினைஞரும் அதனால் சினமடைந்தார்கள். கி.மு. 399இல் நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டுகளின்மேல் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, நஞ்சருந்தி இறந்ததற்கு அந்தச் சினமும் ஒரு காரணம் என்பதை, விசாரணையில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய உரை தெளிவாகக் காட்டுகிறது. பெருமை பேசிய பெரியவர்களுக்கு அவர் செய்ததை 13 வயதுப் பிள்ளைக்குச் செய்யக்கூடாது. தொடக்கத்தில் ஒருமுறை நான் ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்தி, வினாவுக்கு மேல் வினாவாக அடுக்கிவிட்டேன். அந்தப் பிள்ளை அழுதது. இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை. அதற்குப் பின், ஒருவர் திணறும் இடத்தில் வினாவை அவரிடமிருந்து எடுத்து எல்லோருக்கும் பொதுவாக்கி, இருவர் இருவராகப் பேச 2 நிமிடம் கொடுக்கிறேன். “நீ சொன்னது” என்பதற்குப் பதிலாக “இந்த விடை” என்று சொல்கிறேன். விடை சோதனைக்கு உள்ளாகும்போது பிள்ளை அதிலிருந்து சற்று விலகி நிற்க அது இடம்கொடுக்கிறது.

பாடசாலையில் 40 நிமிடப் பாடவேளைக்குள் இதைச் செய்பவர்கள் வினாக்களை இரண்டு மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் எனக்கும் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. தரம் 7 முதல் 9 வரையிலான வகுப்புகளில், இரண்டு கிழமைக்கு ஒரு பாடம் என்ற அளவில் நடத்துவது கைகூடுகிறது.

சில பாடங்கள் விடையின்றியே முடியும். பிளேட்டோவின் உரையாடல்களிலும் பல அப்படித்தான் முடிகின்றன. மணி அடிக்கப்போகிறதே என்று விடையை அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடை கொடுத்தலையும் மாணாக்கனின் கடமைகளாக நன்னூல் சொல்வதை நினைத்து, கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு இன்னும் விளங்காத ஒன்றை வினாவாகக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கொப்பிகளைச் சேர்த்து அன்றிரவே வாசியுங்கள். உங்களுக்கும் விடை தெரியாத வினா ஒன்று அவற்றுள் இருந்தால், அடுத்த வகுப்பை அதைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குங்கள். எழுதிய பிள்ளையின் பெயரை மட்டும் எழுதவேண்டாம்.